காரின் காலணிகள்

புதுக் கார் ஒன்று தெருவில் வந்து நின்றால் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? அதன் வண்ணத்தைப் பார்க்கிறோம். இருக்கையின் மென்மையைத் தொட்டுப் பார்க்கிறோம். உள்ளே பாட்டுப் பெட்டி உண்டா, குளிர்சாதனம் உண்டா என்று கேட்கிறோம். குனிந்து அதன் டயரைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதுவே அதிகம். ஆனால் எத்துணை விலை உயர்ந்த காரானாலும் அது தரையைத் தொடும் இடம் நான்கே நான்குதான். காரை ஓட வைப்பது எஞ்சின் என்றாலும், தரையைப் பற்றிக் கொள்வதும், திரும்புவதும், பிரேக் போட்டதும் நிற்பதும் அந்த நான்கு இடங்களிலேதான் நடைபெறுகின்றன.

அந்த இடம் எவ்வளவு பெரியது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள கார் என்றால் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 250 கிலோவைத் தாங்குகிறது. டயரில் 30 பவுண்டு காற்று இருக்கிறது என்று கொள்வோம். இது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தமாகும். 250-ஐ 2.1-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 119 சதுர சென்டிமீட்டர். அதாவது, பக்கத்திற்கு 11 சென்டிமீட்டர் உள்ள ஒரு சிறு சதுரம். ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு! அம்மா, அப்பா, தம்பி, தங்கை என்று ஒரு குடும்பமே ஏறிச் செல்லும் வண்டி நான்கு உள்ளங்கைகளின் மீது ஓடுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

பிறந்த கதை

முற்காலத்தில் வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டையே இருந்தது. ரப்பர் கிடைத்த பிறகும் அது வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்து, எதற்கும் உதவாமல் இருந்தது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் உடையதாகிறது என்பதை 1839-இல் கண்டறிந்தார். இதற்கே வல்கனைசிங் என்று பெயர். 1844-இல் அவர் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் அவர் கடனாளியாகவே 1860-இல் மறைந்தார். இன்று அவர் பெயரால் விளங்கும் டயர் நிறுவனம் அவர் மறைந்து 38 ஆண்டுகளுக்குப் பின்னரே தோன்றியது.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன், ஆண்டு 1845. அக்காலத்தில் அதனை ஏற்க உலகம் ஆயத்தமாக இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்று எண்ணிக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1888-இல் காப்புரிமை பெற்றார். 1895-இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். சைக்கிளுக்குப் பிறந்த டயர் காருக்கு வந்த கதை இதுதான்.

நம் மாநிலத்திற்கும் இதில் பங்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் ரப்பர்த் தோட்டங்கள் இருப்பதை நாம் அறிவோம். 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் குழந்தைகள் விளையாடும் பலூன்களைச் செய்யச் சிறியதொரு கொட்டகையில் தொடங்கிய தொழிலே, பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது.

டயருக்குள்ளே என்ன இருக்கிறது?

வெளியே பார்த்தால் டயர் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். உள்ளே அது ஒரு நெசவு வேலை. ரப்பருக்குள் பாலியஸ்டர் போன்ற உறுதியான நூல்கள் வரிசை வரிசையாகப் பதிந்துள்ளன. டயரைச் சக்கரத்தோடு இறுகப் பிடித்து நிறுத்துவது ஓரங்களில் உள்ள எஃகுக் கம்பி வளையம். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேர் குறுக்காகச் செல்லும் அமைப்பையே ரேடியல் என்கிறோம். 1946-இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற இந்த முறையே இன்று கார்களில் எங்கும் உள்ளது.

ரப்பரின் இயற்கை நிறம் கறுப்பு அன்று. தொடக்கக் காலத்து டயர்கள் வெளுப்பாகவே இருந்தன. ஒருவகைக் கரித்தூளைச் சேர்த்தால் ரப்பர் எளிதில் தேயாது என்பது தெரிந்த பின்னரே டயர் கறுத்தது. வெயிலின் கெடுதியிலிருந்தும் அக்கரி டயரைக் காக்கிறது.

டயர் நகரும்போது என்ன நிகழ்கிறது? தரையைத் தொடும் பகுதி தட்டையாக அமுங்குகிறது. மேலே எழுந்ததும் பழைய வடிவத்தை அடைகிறது. 14 அங்குலச் சக்கரம் உடைய ஒரு சாதாரணக் காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 510 முறை சுழலும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நொடிக்கு 11 முறைக்கு மேல். 40,000 கிலோமீட்டர் ஓடிய டயர் இரண்டு கோடி முறை சுழன்று, அத்தனை முறையும் மடங்கி நிமிர்ந்திருக்கிறது!

காற்றே உயிர்

காரின் சுமையைத் தாங்குவது ரப்பர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான். ரப்பரும் நூலும் அக்காற்றை அடைத்து வைக்கும் பைகள் மட்டுமே. ஆகவேதான் டயரின் நோய்களில் பெரும்பாலானவை காற்றுக் குறைவிலிருந்து பிறக்கின்றன.

ஒரு கம்பியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பலமுறை மடக்கிப் பாருங்கள். மடங்கும் இடம் சூடேறுகிறது. பிறகு முறிந்து விடுகிறது. டயருக்கும் இதே நிலைதான். காற்றுக் குறைந்தால் அதன் பக்கச் சுவர் அளவுக்கு மேல் மடங்குகிறது. மடங்குந்தோறும் சூடு பிறக்கிறது. வேகம் கூடினால் ஆறுவதற்கு நேரமில்லை. சூடு ஏற ஏற ரப்பருக்கும் கம்பிப் பட்டைக்கும் உள்ள பிடிப்புத் தளர்கிறது. முடிவில் மேற்பட்டை உரிந்து போகிறது, அல்லது டயர் வெடித்து விடுகிறது.

'வெயில் காலத்தில் காற்று அதிகமானால்தான் டயர் வெடிக்கும். ஆகவே கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும்' என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். இது முற்றிலும் தலைகீழான அறிவுரை. ஓடும் டயரில் நான்கைந்து பவுண்டு கூடுவது இயல்பு. டயரைச் செய்பவர்கள் அதையும் கணக்கிட்டே செய்கிறார்கள். சூடாக இருக்கும்போது காற்றைத் திறந்து விட்டால், ஆறிய பிறகு டயரில் காற்றுப் போதாமல் போகும். மறுநாள் பயணத்தில் அது இன்னும் அதிகமாகச் சூடேறும். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கையில் அளந்து பார்ப்பதே முறை. எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டிய அட்டையிலோ, கார்க் கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதுவரை நிரப்ப வேண்டும் என்பதில்லை.

அளவுக்கு மிஞ்சினாலும் தொல்லையே. காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது, பிடிப்புக் குறைகிறது, பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை ஏற்கும் இளக்கமும் போய்விடுகிறது.

நைட்ரஜன் நிரப்பினால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்ற எண்ணமும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். எதை நிரப்பினாலும் மாதம் ஒரு முறையாவது அளந்து பார்ப்பதே காப்பு. ஏனெனில், பஞ்சர் எதுவும் இல்லாத நல்ல டயரிலும் மாதத்திற்கு ஒரு பவுண்டு அளவு காற்றுத் தானாகவே கசிந்து விடும்.

உலகம் கற்ற பாடம்

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் என்னும் உயரமான வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தவை. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது டயரின் மேற்பட்டை உரிந்து பறந்தது. வண்டிகள் நிலைகுலைந்து உருண்டன. அந்நாட்டில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களில் இவ்விபத்துகள் அதிகமாக நேர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது.

காரணம் என்ன? டயரின் உள்ளே உள்ள இரண்டு எஃகுப் பட்டைகளின் ஓரங்களில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி, சிறிது சிறிதாகப் பரவியது. அவ்வகை டயர்களின் அமைப்பு இவ்வெடிப்பைத் தடுத்து நிறுத்தும் வலிமை உடையதாக இல்லை. ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலையில் செய்தவை கூடுதலாகப் பழுதாயின. அதற்கு மேல், டயர் நிறுவனம் 30 பவுண்டு காற்றைப் பரிந்துரைக்க, வண்டி நிறுவனம் 26 பவுண்டு போதும் என்று கூறியிருந்தது. 26 பவுண்டில் தொடங்கிய டயர் சில மாதங்கள் கவனிக்கப்படாமல் விட்டால் எந்த நிலையில் இருக்கும்? விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பம், பின்னால் நிறையச் சுமை, கொளுத்தும் வெயில், நீண்ட நேர வேகம் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. டயர் நிறுவனம் வண்டியைக் குறை கூறியது. வண்டி நிறுவனம் டயரைக் குறை கூறியது. ஏறக்குறைய நூறாண்டு வணிக உறவு 2001-இல் முறிந்தது. போன உயிர்கள் மட்டும் திரும்பவில்லை.

இதன் பின் அந்நாட்டில் புதிய சட்டம் வந்தது. டயரில் காற்று நான்கில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டுநருக்கு முன் ஒரு விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவியை எல்லாப் புதுக் கார்களிலும் பொருத்த வேண்டும் என்ற விதி 2007-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று நம் நாட்டுக் கார்கள் பலவற்றிலும் இக்கருவி உண்டு. ஆனால் விளக்கு எரியும் வரை காத்திருப்பது, காய்ச்சல் முற்றும் வரை மருத்துவரிடம் போகாமல் இருப்பதைப் போன்றதே.

டயர் சொல்லும் செய்திகள்

டயருக்கு வாய் இல்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது நிறையச் செய்தி சொல்லும்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், நெடுநாளாகக் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே பக்கம் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்மை பிசகியிருக்கிறது. வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் பேலன்சிங் சரியில்லை, அல்லது அதிர்வுதாங்கி பழுது.

பக்கச் சுவரில் கொப்புளம்போல் புடைப்புத் தெரிந்தால் அது பேராபத்தின் அடையாளம். பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ வேகமாக மோதியபோது உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. காற்று அவ்விடத்தில் வெளியே தள்ளுகிறது. இதற்கு ஒட்டும் இல்லை, மருந்தும் இல்லை. டயரை மாற்றுவது ஒன்றே வழி. பக்கச் சுவரில் ஆணி ஏறினாலும் அவ்வாறே. நடுப்பகுதியில் ஏறிய ஆணியின் துளையை மட்டுமே நம்பகமாக அடைக்க முடியும்.

'பட்டன் தேய்ந்து விட்டது', 'மொட்டை டயர்' என்றெல்லாம் பேச்சில் கூறுகிறோமே, அந்தப் பள்ளங்களின் வேலை என்ன? உலர்ந்த சாலையில் அவை இல்லாமலும் வண்டி ஓடும். பந்தயக் கார்களின் டயர்கள் வழவழப்பாகவே இருக்கும். மழை பெய்தால்தான் அவற்றின் அருமை தெரியும். டயருக்கும் சாலைக்கும் இடையே அகப்படும் நீரை அப்பள்ளங்களே வெளியேற்றுகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றி டயர் நீரின் மீது மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பொம்மைகளே. புது டயரில் பள்ளத்தின் ஆழம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். அது 1.6 மில்லிமீட்டராகக் குறைந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. இதனைக் காட்டவே பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். மேடும் பட்டனும் ஒரே மட்டத்திற்கு வந்துவிட்டால் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று பொருள். எளிய சோதனை ஒன்றும் உண்டு. தீக்குச்சியின் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதைப் பள்ளத்தில் படுக்க வைத்தால் குச்சி மேலே துருத்திக்கொண்டு நிற்குமானால் அந்த டயரை நம்பலாகாது.

எழுத்தும் எண்ணும்

டயரின் பக்கத்தில் 165/80 ஆர் 14 85 டி என்பது போல் பொறித்திருக்கும். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்பது ரேடியல். 14 என்பது சக்கர வட்டின் விட்டம், அங்குலத்தில். 85 என்னும் குறியீட்டு எண் ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பதையும், 'டி' என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும் என்பதையும் காட்டும். மயிலிறகு வண்டியைக் கொண்டு வள்ளுவர் விடுத்த எச்சரிக்கை அச்சுக்கு மட்டுமன்று, டயருக்கும் பொருந்தும்.

இன்னொரு நான்கு இலக்க எண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் டயருக்கு முதுமை உண்டு. வெயிலும், காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை விறைக்கச் செய்து வெடிப்புகளை உண்டாக்குகின்றன. பட்டன் புதிதுபோல் இருந்தாலும் வயது மிகுந்த டயர் ஏமாற்றக் கூடியது. ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடும்படி கார் நிறுவனங்கள் பல அறிவுறுத்துகின்றன. பத்து ஆண்டுகளைக் கடந்த டயரை எவரும் ஏற்பதில்லை.

இவ்விதி ஸ்டெப்னிக்கும் உண்டு. மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் உள்ள ஸ்டெப்னி என்னும் தெருவின் பெயர். 1904-இல் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றவர்கள் வைத்த பெயர், அங்கே மறைந்தாலும் நம் ஊர்ப் பட்டறைகளில் வாழ்கிறது. ஆனால் நம் ஸ்டெப்னிகள் பலவும் பின்பெட்டிக்குள் காற்றிறங்கிக் கிடக்கின்றன. நடுவழியில் இறக்கிப் பார்க்கும்போதுதான் அதுவும் கைவிட்டது தெரியும்.

வெடித்து விட்டால்?

டியூப் உள்ள டயரில் காற்றுச் சட்டென்று வெளியேறும். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினாலும் பெரும்பாலும் மெல்லக் கசியும். இது ஒரு நன்மை. ஆயினும் இரண்டும் வெடிக்கக் கூடியவையே. அவ்வேளையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அச்சத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதே எவருக்கும் இயல்பாகத் தோன்றும். ஆனால் அதுதான் வண்டியைச் சுழற்றிக் கவிழ்த்து விடும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து வண்டியை நேராக வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே குறைந்த பின் இடப்புறமாக ஒதுக்கி நிறுத்த வேண்டும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்க வேண்டும். பின் இருக்கையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பதன் பொருள் அந்தச் சில நொடிகளில்தான் விளங்கும்.

நம்மால் ஆவது

நாம் கார் ஓட்டும் வயதினர் அல்லவே, நமக்கு இது எதற்கு என்று தோழியர் சிலர் கேட்கலாம். நம்மில் பலர் வேனிலும் ஆட்டோவிலும் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறோம். விடுமுறையில் குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்கிறோம். சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக் காற்றுப் போதுமா என்று அறிகிற நாம், வேனின் டயரையும் ஒருமுறை சுற்றிவந்து பார்க்கலாகாதா? புடைப்பு உண்டா, வெடிப்பு உண்டா, பட்டன் உண்டா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். குறை தெரிந்தால் ஓட்டுநர் அண்ணனிடம் பணிவாகச் சொல்லலாம், வீட்டிலும் சொல்லலாம். 'சிறு பெண், உனக்கென்ன தெரியும்?' என்று எவரேனும் கேட்டால், தீக்குச்சியை வைத்துக் காட்டலாம். ஊருக்குப் புறப்படும் முன் பலகாரமும் துணிமணியும் எடுத்து வைக்க நினைவூட்டும் நாம், 'அப்பா, காற்றுப் பார்த்தாயிற்றா? ஸ்டெப்னியிலும் பார்த்தாயிற்றா?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கொள்ளலாம்.

கழற்றிய பழைய டயரைக் கொல்லைப்புறத்தில் போட்டு வைப்பதும் தவறு. அதில் தேங்கும் மழைநீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுக்கள் முட்டையிடும். சாலையில் நம்மைக் காத்த டயர், வீட்டில் நமக்கு நோய் தரலாமா? உடனே அப்புறப்படுத்துவோம்.

காலில் முள் தைத்தால் அக்கணமே நின்று பார்க்கிறோம். காரின் காலில் தைத்ததைக் காரால் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை குனிந்து பார்க்கும் பொறுப்பு நம்முடையதே.